மாடியிலிருந்து ஓர் அழைப்பு

மோதிரம் கழலவில்லை.

மேசை இழுப்பறையில் யாரோ விட்டுப்போன பச்சைக் கல் மோதிரம். தனியாக உட்கார்ந்து சலித்துப்போய், கமாண்டர் குனாடி அதை விரலில் மாட்டிப் பார்த்திருந்தார். சோப்பு போட்டார், விரல் வீங்கியது. எண்ணெய் தடவி இழுத்தார், இன்னும் வீங்கியது.

மத்திய ஜாவாவின் அந்தச் சின்ன ஊரில் யாருக்கு மோதிரம் சிக்கினாலும் அவருடைய தீயணைப்பு நிலையத்துக்குத்தான் ஓடி வருவார்கள். விரலில் நூலை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் மோதிரத்தை நகர்த்தி எத்தனையோ விரல்களை அவரே விடுவித்திருக்கிறார். ஆனால் தன் விரலில் தானே ஒற்றைக் கையால் நூல் சுற்ற முடியவில்லை.

கீழே வீரர்களின் டோமினோ ஆட்டம். சிரிப்பு. பதவி உயர்வுக்கு முன்பு அந்த ஆட்டத்தில் அவருக்கும் ஓர் இடம் இருந்தது. இப்போது மாடியில் தனி அறை, தனி மின்விசிறி, தனிச் சாப்பாடு.

படியிறங்கினார். சிரிப்பு அறுந்தது. எல்லோரும் எழுந்து விறைத்தார்கள்.

"சொல்லுங்க கமாண்டர்," என்றான் தெகு. முன்பெல்லாம் 'அண்ணே' என்று தோளில் கைபோட்டவன்.

குனாடி கையைக் கால்சட்டைப் பையில் ஒளித்தார். "வண்டியில தண்ணி இருக்கா?"

"ரொம்பி இருக்கு கமாண்டர்."

"எதுக்கும் இன்னொரு தடவ பாத்துக்கங்க."

ஆட்டம் கலைந்தது. அவர் மாடி ஏறும்போது வண்டி கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

விரல் நிறம் மாறத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் கைபேசியில் நிலையத்தின் அவசர எண்ணை அழுத்திக் குரலை மாற்றிக்கொண்டார்.

"மோதிரம் மாட்டிக்கிச்சுங்க."

"வெரல் என்ன நெறத்துல இருக்கு?" என்றான் தெகு.

"கத்திரிக்கா நெறம்."

"ஒடனே வர்றோம். எந்த எடம்?"

குனாடி தன் சொந்தக் குரலுக்குத் திரும்பினார்.

"உன் தலைக்கு மேல."

அழைப்பு வந்தால் முழு உடுப்போடு போக வேண்டும் என்பது குனாடியே போட்ட உத்தரவு. மூன்று பேர் தலைக்கவசத்தோடு தடதடவென்று மாடி ஏறினார்கள்.

தெகு விரலைப் பார்த்தான். உதட்டைக் கடித்தான். அடக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தான்.

"அண்ணே, அன்னிக்கு அந்தக் கல்யாண மாப்பிள்ளைய என்ன திட்டு திட்டினீங்க! அளவு தெரியாம எவன்யா மாட்டுவான்னு."

"சிரிக்காதடா, வலிக்குது," என்ற குனாடிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த அறையில் முதல்முறையாக நாலு பேர் உட்கார்ந்தார்கள். சமையல்கார வார்சி அக்கா காபியும் வறுத்த தெம்பே சோயா வில்லைகளும் கொண்டுவந்து வைத்தாள்.

"நூலுக்கு மசியல. வெட்டிரலாம்," என்று தெகு கருவியை எடுத்தான்.

வார்சி அக்கா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"வெட்டாதடா. பதமா கழட்டி, இருந்த எடத்துலயே வை. இவருக்கு முன்னாடி இங்க தனியா உக்காந்திருந்த மூணு கமாண்டரும் இதத்தான் மாட்டிக்கிட்டாங்க. அடுத்து வர்றவருக்கும் வேணும்ல?"