மோட்டாரைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி ஒரு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய இல்லறத்தார் இருவருக்கும், மலைமேல் மடாலயத்திலிருந்து துறவி எழுதுவது.

உலகத்து உயிர்கள் எல்லாம் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் விடியலில் வேண்டிக்கொள்கிறேன். அதில் நீங்கள் இருவரும் அடக்கம். உங்களை மட்டும் தனியாக எடுத்து வேண்டிக்கொண்டால் அது பற்று ஆகிவிடும் என்பதால் அப்படிச் செய்வதில்லை. துறவு பூணுவதற்கு முன் உங்களில் ஒருவர் எனக்கு அண்ணனாகவும் இன்னொருவர் அண்ணியாகவும் இருந்தது உண்மைதான். இப்போது எனக்கு உறவென்று யாருமில்லை. இந்த நிலையை அடைய நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் பயிற்சிக்கு அனுப்பிய ஏழு வயதுச் சிறுவன் சம்பந்தமாக எழுதுகிறேன். பைக் பட்டறையில் ஒரு வாடிக்கையாளரின் பெட்ரோல் டேங்கில் அவன் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிய மறுநாள், “இவனை நாடு கடத்துனாத்தான் உருப்படுவான்” என்று அண்ணன் முடிவெடுத்ததையும், நாடு கடத்தத் தோதாக வெளிநாட்டில் தம்பி ஒருவன் மொட்டையடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அப்போது நினைவுக்கு வந்ததையும் நான் குறை சொல்லவில்லை. ஒரு வருஷம் இருந்தால் அடங்கிவிடுவான் என்று நானும்தான் நம்பினேன். அவனை இங்கே கொண்டுவந்து விட்ட அன்று மடாலய வாசலில் அண்ணி அழுதபோது அவன் என்ன சொன்னான் என்று உங்களுக்கு நினைவிருக்கும். “அழாதம்மா, பாவம், சித்தப்பா தனியா இருக்காருல்ல, நான் துணைக்கு இருந்துட்டு வரேன்.” தன்னை எதற்காக அனுப்பியிருக்கிறார்கள் என்பது குறித்து அவனுக்கு இன்றுவரை இதுதான் கருத்து.

முதல் நாளே அவனை உட்காரவைத்துச் சொன்னேன். “இங்க சித்தப்பான்னு கூப்பிடக் கூடாது. நான் துறவி. உறவெல்லாம் விட்டாச்சு.” அவன் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு, “சரி சித்தப்பா” என்றான். இங்கே என்னைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. சிறுவன் அவ்வளவு மரியாதையாக, கை கட்டி, அடிக்கொரு தரம் சொல்கிறானே, நம் நாட்டில் இது பெரிய பட்டமாக இருக்க வேண்டும் என்று மற்ற துறவிகள் எடுத்துக்கொண்டார்கள். சமையல் துறவி “சித்தப்பா” என்கிறார். தோட்டத் துறவி “சித்தப்பா” என்கிறார். எண்பது வயதான தலைமைத் துறவி, வெளியூரிலிருந்து வந்த பெரியவர்கள் முன்னிலையில், “இவர்தான் நமது வணக்கத்துக்குரிய சித்தப்பா” என்று அறிமுகப்படுத்தினார். ஒரு உறவை விட்டுவந்த எனக்கு இப்போது மடாலயம் முழுக்க அண்ணன் பிள்ளைகள்.

அடுத்தது அந்தக் கேள்வி. புதிதாக வருகிறவர்களிடம் தலைமைத் துறவி “நீ யார்?” என்று கேட்பார். நான் வந்தபோது பெயரையும் ஊரையும் சொன்னேன், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார். இவனிடம் கேட்டார். இவன் யோசிக்கவே இல்லை. “மோட்டார்.” வீட்டில் அப்படித்தானே கூப்பிடுகிறீர்கள், பிள்ளை வேறு என்ன சொல்லும்? நான் மொழிபெயர்த்தேன்: “உள்ளே நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பது என்கிறான்.” பெரியவர் கண்ணை மூடியவர் வெகுநேரம் திறக்கவில்லை. திறந்தபோது ஈரமாக இருந்தது. “அது எதனால் ஓடுகிறது என்று கேள்” என்றார். கேட்டேன். “காலைல ஒரு டம்ளர் பால் குடிச்சா ஓடும்” என்றான். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு பாலைப் பற்றிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. “கருணையால் ஓடுகிறதாம்” என்று சொல்லிவிட்டேன். துறவு பூண்ட பிறகு நான் சொன்ன முதல் பொய் அது. அண்ணா, ஒன்றில் நின்றிருந்தால் பரவாயில்லை.

தியான மண்டபத்தில் இவனுக்கு இடம் என் பக்கத்தில். முதுகு நேராக, கண் மூடி, பார்க்க அவ்வளவு அழகாக உட்காருவான். ஆனால் காதை வைத்துக் கேட்டால் அடித்தொண்டையில் வண்டி ஓடும். முதல் கியர், இரண்டாவது கியர், மேடு வந்தால் இழுக்கிற சத்தம், திருப்பத்தில் ஹாரன் மட்டும் மூக்கால். கொஞ்ச நாளில் அவனுக்கு அந்தப் பக்கம் உட்காரும் இன்னொரு பயிற்சிச் சிறுவன் தன் தொண்டையில் ஒரு லாரியை எடுத்தான். அவனுக்குப் பின்னால் இருப்பவன் பஸ். காது மந்தமான முதிய துறவி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, இது எந்த மந்திரம், எனக்கும் சொல்லித்தரச் சொல் என்று என்னைக் கேட்டார். நான் மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால், இவன் கிளட்சைப் பிடிக்காமல் கியர் மாற்றுகிறானே என்றுதான் கவலை வருகிறது. பட்டறைக்காரன் தம்பி பட்டறைக்காரன் தம்பியாகவே இருக்கிறேன்.

பிறகு அரிசி மில் முதலாளியம்மா வந்தார். மடாலயத்துக்கு நிறைய செய்கிறவர். தேங்காய் நார் அடைத்த புது மெத்தைகள் கொண்டுவந்து, சின்னத் துறவிக்குப் பிடித்திருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டார். “குத்துது. பழசே நல்லா இருந்துச்சு” என்றான். நான், “உங்கள் குடும்பம் நீடூழி வாழ வேண்டும் என்கிறான்” என்றேன். அந்த அம்மா அழுதேவிட்டார். மறுவாரமே இன்னும் நூறு மெத்தை அனுப்பிவைத்தார். இப்போது எல்லாருக்கும் குத்துகிறது.

இதெல்லாம் மொழிபெயர்ப்பாளன் கையில் இருக்கும்வரை சமாளிக்கக்கூடியது. ஆனால் உன் பிள்ளை சமையலறையில் காய் நறுக்கும் இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் இந்த ஊர் மொழியைப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டான். எனக்குத் தெரியாது. தெரிந்த விதம்தான் கொடுமை. வாரத்துக்கு ஒருமுறை எல்லாரும் கூடி உட்கார்ந்து அவரவர் தவறை அவரவரே சொல்ல வேண்டும். இவன் எழுந்தான். தன் தவறாக, ஒரு வெல்லக்கட்டி எடுத்ததைச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவன் உட்காரவில்லை. “சித்தப்பா மறந்துட்டாரு, அவரோடதையும் நானே சொல்லிடறேன்” என்று ஆரம்பித்து, பாலிலிருந்து மெத்தைவரை ஒன்று விடாமல், சுத்தமான இலக்கணத்தோடு சொன்னான். எனக்கு அந்த மொழியில் இறந்தகாலம் இன்னும் ஒழுங்காக வராது.

தலைமைத் துறவி பாலைப் பற்றிக் கேட்டதும் சமையல் துறவி பக்கம் திரும்பினார். நாளை முதல் பையனுக்கு இரண்டு டம்ளர் கொடுங்கள் என்றார். எனக்குச் சாக்கடை. அடுத்த பௌர்ணமிவரை மடாலயத்துச் சாக்கடைகள் அத்தனையும் நான் அள்ள வேண்டும். அன்று சாயங்காலம் அவனைப் பிடித்து நிறுத்தினேன். “ஏன்டா இப்படிப் பண்ணினே?”

“பொய் சொன்னா மனசு கனமாயிடும்னு நீதானே சொன்னே. உனக்கு கனமா இருக்குமேன்னு சொல்லிட்டேன். இப்ப லேசா இருக்கா?”

லேசாக இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். அண்ணா, எனக்கு ஆத்திரம் வந்தது. உண்மையான, சுடச்சுட ஆத்திரம். மலைமேல் வந்து உட்கார்ந்து வருஷக்கணக்காக விரட்டிய ஆத்திரம், பழைய வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாள் நான் சாக்கடையில் இறங்கினபோது இவனும் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினான். மண் அள்ளுகிற வண்டி எப்படிச் சத்தம் போடும் என்று காட்டிக்கொண்டே அள்ளினான். நானும் ஒரு வண்டியாக வேண்டும் என்றான். ஆனேன். யாரிடமும் சொல்லாதே.

அண்ணியிடம் பக்குவமாகச் சொல், பதறப்போகிறார்கள். போன வாரம் இவனுக்குக் காய்ச்சல். இப்போது சுத்தமாக விட்டுவிட்டது, கஞ்சி குடிக்கிறான், ஓடுகிறான். ஆனால் அன்று மத்தியானம் நெற்றி கொதித்தது. என் அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே தூங்கினான். பிற்பகல் மணி அடித்தது. எல்லாரும் மண்டபத்துக்குப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. இங்கே வந்த நாளிலிருந்து நான் மணியைத் தவறவிட்டதே கிடையாது. தூக்கத்தில் இவன் “அம்மா” என்றான். நான் “ம்” என்றேன். மறுபடி “அம்மா” என்றான். மறுபடி “ம்” என்றேன். ஒரு துறவி அப்படி ‘ம்’ கொட்டலாமா என்று எந்த விதியிலும் இல்லை. யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

என் நிலைமை இதுதான். பொய் சொல்கிறேன், கோபப்படுகிறேன், சாப்பாட்டில் வருகிற பழத்துண்டைத் தின்னாமல் இவனுக்காக அங்கி மடிப்பில் ஒளிக்கிறேன். அடங்குவதற்கு அனுப்பிய பிள்ளை அப்படியே இருக்கிறான். அடங்கியிருந்தவன்தான் கெட்டுப்போனேன். எனவே, அண்ணா, இந்தக் கடிதம் கண்டதும் எந்தச் சாக்கும் சொல்லாமல் கிளம்பி வந்து உன் பிள்ளையை அழைத்துக்கொண்டு போ. தலைமைத் துறவியிடம் கேட்டுவிட்டேன். “அது சித்தப்பாவின் விருப்பம்” என்றார். எனக்கு விருப்பமே இருக்கக் கூடாது. இருந்தாலும் இதுதான் என் விருப்பம்.

பட்டறை நன்றாக ஓடட்டும். வாங்கிய கடன் எல்லாம் வசூலாகட்டும், அதாவது உன்னிடம் வாங்கியவர்கள் திருப்பித் தரட்டும். அண்ணிக்கு மனத்தில் அமைதியும் காலில் வலியின்மையும் உண்டாகட்டும். எதன்மேலும் ஒட்டாமல்,

மலைமேல் துறவி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்பே கீழே வண்டிச் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாசலில் டாக்ஸியிலிருந்து நீங்கள் இருவரும் இறங்குகிறீர்கள். யார் உங்களை வரச் சொன்னது? ஒரு வருஷம் என்றுதானே பேச்சு? வார்த்தை என்றால் வார்த்தையாக இருக்க வேண்டாமா? அண்ணி பிள்ளையின் பழைய சட்டையைக் கையில் மடித்து வைத்திருக்கிறார்கள். அது இப்போது அவனுக்குப் பத்தாது, இரண்டு டம்ளர் பால் குடிக்கிறான். அவனைக் கூப்பிடலாம் என்று எழுந்து போனேன். போனவன், அவனைப் பெரிய பையன்களோடு சேர்த்து, பின்பக்கக் கதவு வழியாக, மேலே காட்டுக்குச் சுள்ளி பொறுக்க அனுப்பிவிட்டு வந்திருக்கிறேன். சாயங்காலம் ஆகும், அவசரப்படாதீர்கள். நீங்களும் பத்து நாள் தங்குங்கள், இடம் இருக்கிறது, மெத்தை ஏராளம். டாக்ஸிக்காரர் இன்ஜினை அணைக்காமல் நிற்கிறாரே, காத்திருக்கச் சொன்னீர்களா? இதோ இறங்கி வருகிறேன், முதல் வேலையாக அவரை அனுப்பிவைக்கப் போகிறேன். என்னிடம் காசு கிடையாது. அண்ணா, வாடகையை நீ கொடுத்துவிடு.