எரிக்க வைத்திருந்த காமிக்ஸ்

தன் வீட்டுக்குள் இனி ஒரு காமிக்ஸ் புத்தகம்கூட இருக்கக் கூடாது என்று தொண்டி சதக்கத்துல்லா முடிவெடுத்தது ஒரு சனிக்கிழமை காலையில், இடியாப்பத்துக்கும் டீக்கும் நடுவில்.

சவூதியில், தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் ஒரு கம்பெனிக் குடோனில் சரிபார்க்கும் வேலை. உள்ளே வரும் பெட்டியையும் சந்தேகப்பட வேண்டும், வெளியே போகும் பெட்டியையும் சந்தேகப்பட வேண்டும். அதற்குத்தான் சம்பளம். ஊரோடு வந்து ஏழு மாதமாகிறது. சந்தேகப்படப் பெட்டி இல்லாததால் வீட்டைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். பால் வந்தால் மோந்து பார்ப்பார். குழம்பு கொதித்தால் மூடியைத் திறந்து பார்ப்பார். மனைவி உம்மு ஹபீபா போனில் சிரித்தால் யார், என்ன, எதற்குச் சிரிப்பு என்று மூன்று கேள்வி.

அன்று காலை தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. எழுபது வருஷத்துக்கு முந்தி அமெரிக்காவிலேயே ஒரு டாக்டர் ஆராய்ந்து, பிள்ளைகள் கெட்டுப்போகக் காமிக்ஸ்தான் காரணம் என்று புத்தகம் எழுதினாராம். ஊர் ஊராகக் குவித்துப் போட்டு எரித்தார்களாம். அரசாங்கம் விசாரணை வைத்ததாம். அதற்குப் பிறகு தணிக்கை முத்திரை இல்லாத காமிக்ஸைப் பல கடைக்காரர்கள் தொடவே இல்லையாம். சதக்கத்துல்லா அதை மூன்று தடவை கேட்டார். வெள்ளைக்காரனே பயந்த பொருள், பத்தாம் வகுப்புப் படிக்கும் தன் மகள் கையில்.

மகள் சுஹாவின் மேல் அவருக்கு ஏற்கெனவே ஒரு கண். அறைக்குள் போனால் சத்தமே வராது. முந்தின வாரம் டிவி ரிமோட்டின் பேட்டரியை யார் எடுத்தது என்று கேட்டதற்கு, குற்றவாளி இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறான் என்றாள். பேட்டரி அவருடைய டார்ச்சில் இருந்தது வேறு விஷயம். பாடப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி கிடையாது.

அவள் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனதும் தேடினார். கட்டிலுக்கடியில், அவரே தம்மாமிலிருந்து கொண்டு வந்த பெரிய சூட்கேஸில், அறுபத்து நாலு புத்தகங்கள். ஒவ்வொரு அட்டையிலும் முகமூடி அல்லது துப்பாக்கி. சிலதில் இரண்டும்.

உடனே குழுவில் அறிவித்தார். வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் கடற்கரையில் எரிக்கப்படும், உங்கள் வீட்டில் இருப்பதையும் கொண்டு வரவும். சாயங்காலத்துக்குள் பதினோரு மூட்டைகள் வந்துவிட்டன. ஒரு வீட்டிலும் முணுமுணுப்பில்லை. பக்கத்து வீட்டு லீமாரோஸ், விசைப்படகு வைத்திருக்கும் செபஸ்தியானின் மனைவி, இரண்டு மூட்டை கொண்டு வந்து இறக்கிவிட்டு, தாய் வீட்டிலும் கிடக்கிறது, எடுத்து வரட்டுமா என்று கேட்டாள். அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

சுஹா வந்தாள். மூட்டைகளைப் பார்த்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து பெருநாள் காசைச் சேர்த்துச் சேர்த்து வாங்கினது என்று அழுதாள். எல்லாவற்றையும் எரியுங்கள், ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள். அவர் அசையவில்லை. அவள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

உம்மு ஹபீபா சண்டைக்கு வருவாள் என்று சதக்கத்துல்லா தயாராக நின்றார். அவளோ மகளின் தலையைத் தடவி, "அழாதம்மா. அத்தா செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டிராத வார்த்தை. உடனே மூட்டைகளை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார்.

வியாழக்கிழமை. செபஸ்தியானிடம் கொஞ்சம் டீசல் வாங்கி வைத்தாயிற்று. தீப்பெட்டியும் தயார். அப்போது ஹபீபா ஒரு புத்தகத்தை விரித்தபடி வந்து நின்றாள்.

"ஏங்க, இந்தப் போலீஸ் ஜீப்பு ஓட்டுறவன் பேரப் பாருங்க."

பார்த்தார். அப்துல் ரகுமான்.

"ரகுமான் யாரு பேரு? அதையா தீயில போடப் போறீங்க?"

சதக்கத்துல்லா தீப்பெட்டியைத் தள்ளி வைத்தார். அந்த வீட்டில் அல்லாஹ்வின் பெயர் உள்ள செய்தித்தாள் துண்டைக்கூடத் தரையில் போட மாட்டார்கள். சுவரில் உயரமாக மாட்டிய துணிப்பையில் சேர்த்து வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை படகில் கொடுத்து ஆழத்தில் விடுவார்கள்.

"அப்ப எல்லாத்தையும் கடல்லயே விட்டுருவோம்."

"அந்தப் பேரோட சேத்து இந்தக் குட்டைப் பாவாடைக்காரியையுமா?"

பள்ளிவாசல் ஹஜரத்திடம் வழி கேட்கலாம் என்றால் பக்கத்தை விரித்துக் காட்ட வேண்டும். எதிர்ப்பக்கத்தில்தான் அந்தக் குட்டைப் பாவாடைக்காரி நின்றாள். அவர் கேட்கவில்லை.

ஆக, ஒரே வழிதான். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, பெயர்களைக் கத்தரித்துப் பையில் சேர்த்துவிட்டு மிச்சத்தை எரிப்பது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே ஆரம்பித்தார். பேச்சுக் குமிழிகளில் எதை முதலில் படிப்பது என்று தெரியவில்லை. கீழே இருந்ததை முதலில் படித்ததால், செத்துக் கிடந்தவன் யாரங்கே என்று கேட்டான், அதற்கப்புறம் சுடப்பட்டான். ஒரு மணி நேரத்தில் நாலு பக்கம். தலை சுற்றியது.

உங்களுக்கு எதற்குச் சிரமம், நாங்கள் பார்க்கிறோம் என்றாள் ஹபீபா. லீமாரோஸும் வந்தாள். தன் மூட்டையில் அந்தோணி இருக்கிறார், மரியா இருக்கிறார், புனிதர் பெயரை எரித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றாள். மறுநாளே கூடத்தில் ஏழு பெண்கள். மதியம் லுஹர் தொழுகை முடிந்து உட்கார்ந்தால் அசர் வரை.

சதக்கத்துல்லா வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். உள்ளே சத்தமே இல்லை. ஏழு பெண்கள் கூடிய இடத்தில் சத்தம் இல்லையென்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது. திடீரென்று ஒரு "அய்யய்யோ". கொஞ்சம் கழித்துச் சமையல்காரன்தான் கொன்றிருப்பான் என்று லீமாரோஸின் குரல். நான் இன்னும் இருபதாம் பக்கத்தில்தான் இருக்கிறேன், வாயை மூடு என்று ஹபீபாவின் குரல்.

ஒரு வாரம் கழித்து எத்தனை முடிந்தது என்று ஹபீபாவிடம் கேட்டார். மூன்று என்றாள். ஏன் என்றார். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டாமா என்றாள். அது அவருடைய குடோன் சட்டம். இருபத்திரண்டு வருஷம் போனில் அவரே சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டது. ஆக ஒரு புத்தகம் ஏழு கைகளையும் சுற்றி வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த சுஹா எட்டாவது ஆளாக உட்கார்ந்தாள். இப்போது இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமைகள் வந்தன, போயின. எப்போது எரிப்பு என்று குழுவில் கேட்டவர்களுக்குச் சோதனை நடக்கிறது என்று பதில் போட்டார். நாலாவது வாரம் எண்ணிப் பார்த்தார். பதினோரு மூட்டை பத்தொன்பதாகியிருந்தது. தொண்டியில் ஒருவர் முறையாகச் சோதித்து எரிக்கிறார் என்று கேள்விப்பட்டுத் திருவாடானைப் பக்கத்திலிருந்தெல்லாம் பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள். அதில்கூட அவருக்குப் பெருமைதான். ஆனால் வந்தவர்கள் ஒரு பையை வைத்துவிட்டு, போகும்போது வேறொரு பையை எடுத்துப் போனார்கள். அதுதான் பொறுக்கவில்லை.

"உண்மையச் சொல்லு ஹபீபா. இங்கன சோதனை நடக்குதா, வாசிப்பு நடக்குதா?"

"வாசிக்காம எப்படிங்க சோதிக்கிறது?"

கேட்ட கையோடு அவள் அடுத்ததைச் சொன்னாள். ஒரு கப்பல் கொள்ளைக் கதை ஆறு பாகம் இருக்கிறது, ஏழாவதைக் காணோம். கதை அரபிக் கடலில் நடப்பதால் அதில் என்னென்ன பெயர் வருமோ தெரியாது. அதைப் பார்க்காமல் மற்ற ஆறையும் தீயில் போட்டு, பாவம் வந்தால் யார் தலையில்? ராமநாதபுரத்தில் பழைய புத்தகக் கடை ஒன்று இருக்கிறதாம். கவனமாகப் பார்த்து வாங்கத் தெரிந்த ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான்.

மறுநாள் காலை பஸ்ஸில் போனார். ஒரு மணி நேரம் தூசியைக் கிளறி ஏழாம் பாகத்தைக் கண்டுபிடித்தார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. கடைக்காரன் முகம் சரியில்லை, நடுவில் பக்கத்தைக் கிழித்திருப்பானோ என்று சந்தேகம். ஒவ்வொரு தாளாகப் புரட்டிச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். தேவிபட்டினம் தாண்டும்போது போன் அடித்தது. மூன்றாவது தடவை அடித்த பிறகுதான் எடுத்தார்.

"பாதிக்கு மேல வந்துட்டீங்களா?" என்றாள் ஹபீபா.

"இன்னும் உப்பூரே வரல."

"நான் பஸ்ஸக் கேக்கலங்க. படிச்சுட்டு வந்து முடிவ மட்டும் சொல்லிராதீங்க."