சிவசங்கரின் கெமிக்கல் இல்லாத டப்பா

அடுத்தவர் வாங்கிய புட்டியைப் பிடுங்கி, புரட்டி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பெற்றவரைப் போல உச்சுக் கொட்டி வருந்துகிற ஓர் இனம் உண்டு. தியாகதுருகத்துக்கு வாய்த்தவர் சிவசங்கர். ஷாம்பு, பிஸ்கட், பல்பொடி எதுவும் அவரிடம் தப்பியதில்லை. "இதுல இன்னா கலந்துருக்கான் தெரியுமா?" என்பார். தெரியாது என்றால் அரை மணி நேரம். தெரியும் என்றால் ஒரு மணி நேரம்.

அவருடைய கரும்பை வெட்டப் போகிறவள் செந்தமிழ்ச்செல்வி. மார்கழியில் அவளுக்குக் குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது. மெடிக்கலில் வேலை பார்க்கும் நிர்மலா சின்னக் கிளிசரின் புட்டி ஒன்றைக் கொடுத்து, "தண்ணில கலந்து தினமும் தடவுக்கா" என்றாள். நாலே நாளில் எரிச்சல் அடங்கியது. வரப்பில் உட்கார்ந்து அவள் தடவிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்தா சிவசங்கர் வரவேண்டும்?

"கிளிசரினா! சினிமாவுல அழறதுக்குக் கண்ணுல வுடறதாச்சே! சுத்தக் கெமிக்கலு. காலே போயிடும் செல்வி!"

நிலத்துக்காரர், படித்தவர் வேறு. பயந்து நிறுத்திவிட்டாள். பத்தாம் நாள் வெடிப்பு முன்னைவிட ஆழமாகப் பிளந்து, கால் ஊன்ற முடியாமல் வீட்டோடு கிடந்தாள். வெட்டுக்கு ஆள் குறைந்ததும் சிவசங்கரே வாசலுக்கு வந்தார், கையில் ஒரு பச்சை டப்பாவோடு.

"இத்த தடவு. மூலிகை. கெமிக்கலே கெடையாது. நானே இதத்தான் போட்டுக்கினு இருக்கேன்."

செல்வி டப்பாவைப் புரட்டினாள். பத்தாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டினால் இங்கிலீஷும் வரும்.

"மொதல்ல தண்ணின்னு போட்டிருக்குதுங்க. ரெண்டாவது... கி... ளி... ச..."

"எங்க, காட்டு." முன்பக்கத்து இலைப் படத்தை நம்பி வாங்கிய மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடி கழற்றினார். "அது வந்து... மூலிகையில இருந்து எடுத்த கிளிசரின்மா."

"அப்போ என்னுது கரும்புல இருந்து எடுத்ததுன்னு வெச்சிக்கறேங்க" என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூலையில் கிடந்த தன் புட்டியை எடுத்தாள் செல்வி.

இரண்டு வாரத்தில் எழுந்து நடந்தாள். கரும்பு வெட்டவும் போனாள். வடக்கனந்தலில், வேறொருவர் தோட்டத்துக்கு.

சிவசங்கர் தளர்ந்துவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? பஸ் ஸ்டாண்டில் இப்போது யார் செருப்பைக் கழற்றினாலும், "கிளிசரின் போடுப்பா. நான் அப்பவே சொன்னேன், எவன் கேக்கறான்?" என்கிறார்.

இதைப் படிக்கையில் உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் முகம் மனதில் வந்திருக்கும். அவரிடமும் படிக்கக் கொடுங்கள். அவருக்கு யார் முகம் வந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.