புழு இல்லாத மாவட்டத்தில் பன்னிரண்டு புழுக்கள்

2004-ஆம் ஆண்டிலிருந்து திண்டுக்கல் வட்டாரத்து ஆடுகளின் ஈரலில் புழு கிடையாது. இதற்குக் கேடயம் உண்டு. புழுவொழிப்புச் சிறப்பு அலுவலகத்தின் கண்ணாடி அலமாரியில் அது இன்றும் பளபளவென்று இருக்கிறது.

நான்கு வருடம் கழித்து, விலங்கியல் பேராசிரியர் சூசைமாணிக்கத்துக்குப் புழு தேவைப்பட்டது. ஈரல் புழு கசியவிடும் மரபணுத் துணுக்குகள் சில புற்றுக்கட்டியின் வளர்ச்சியை அடக்கக்கூடும் என்பது அவர் யூகம். ஆட்டுக்குள் வருடக்கணக்கில் ஓசியில் குடியிருக்கிற ஜீவன், வீட்டுக்காரரைச் சமாளிக்க ஏதோ வித்தை வைத்திருக்கத்தானே வேண்டும்? பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தது. வெள்ளிக்கிழமைக்குள் உயிருள்ள புழு பன்னிரண்டு வேண்டும். எந்த ஊர்ப் புழு என்று அரசுச் சான்றும் வேண்டும். தவறினால் வாய்ப்பு வேறு கல்லூரிக்குப் போய்விடும். முப்பது வருடமாகக் கரும்பலகையில் மட்டுமே புழு வளர்த்த மனிதர் அவர். இன்னொரு வாய்ப்பு வராது என்று அவருக்குத் தெரியும்.

புழு கிடைப்பதில் சிரமமில்லை. வியாழக்கிழமை காலை, பேகம்பூர் கறிக்கடைக்காரர் சேக் பரீது, பக்கத்து ஆத்தூர் அணையோரம் மேய்ந்த ஆட்டின் ஈரலைக் கீறிக் காட்டினார்.

"இந்தா நெளியுது பாருங்க. பன்னெண்டு போதுமா சார்? இன்னும் எம்புட்டோ கெடக்கு."

வெதுவெதுப்பான உப்புநீர் ஊற்றிய பிளாஸ்க்கில் புழுக்களை ஏந்திக்கொண்டு, சான்று வாங்கப் பேராசிரியர் புழுவொழிப்பு அலுவலகம் போனார்.

அலுவலர் கண்ணுசாமி முகம் மலர்ந்தார். "காப்பியா சார்?"

"புழு."

"இருக்காதே."

"நெளியுதுங்க."

"நெளியட்டும். இல்லாத புழு நெளிஞ்சா நான் என்ன செய்ய? இங்க புழு இருக்குன்னு எழுதிக் கொடுத்தா, கேடயத்தைத் திருப்பிக் கேப்பாங்கல்ல?"

பேராசிரியர் சற்று யோசித்தார். "மணப்பாறைச் சந்தையில வாங்கின ஆடுன்னு வச்சுக்குவோமே. வெளி மாவட்டத்துப் புழு."

"ஆஹா! இதையில்ல மொதல்ல சொல்லணும்" என்று கண்ணுசாமி எழுந்தார். "வெளிப்புழு நம்ம எல்லைக்குள்ள வந்தா, வந்த இடத்துலயே மருந்து கொடுக்கணும். விதி இருக்கு."

பேராசிரியர் தடுப்பதற்குள் மூடியைத் திறந்து இரண்டு மாத்திரையை உள்ளே போட்டார். பிளாஸ்க்கை நன்றாகக் குலுக்கினார். 'மேற்படி புழுக்களுக்கு உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதினார்.

நெளிவு அடங்கிய பிளாஸ்க்கைப் பார்த்துச் சூசைமாணிக்கம் கத்தினார். "இந்த மாவட்டத்துல புழு இல்லைன்னு எந்த மடையன்யா சொன்னது?"

கண்ணுசாமி கோபப்படவில்லை. 2004-ஆம் ஆண்டுக் கோப்பு ஒன்றை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, மரியாதையாக முன்னால் வைத்தார்.

'இருநூறு ஆடுகளின் ஈரலை நேரில் பரிசோதித்தேன். புழு ஏதும் காணப்படவில்லை. நிபுணர்: முனைவர் சூசைமாணிக்கம்.'

அன்றைக்கு அவர் நேரில் பரிசோதித்தது விருந்தினர் மாளிகையில் மதியச் சாப்பாட்டுக்கு வைத்த ஈரல் மிளகு வறுவலைத்தான். நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிப் பரிசோதித்திருந்தார்.

"நாம எல்லாருந்தான சார் சாப்ட்டோம்" என்றார் கண்ணுசாமி, குரலைத் தாழ்த்தி. "மாத்திரை அட்டையில இன்னும் ரெண்டு மிச்சம் இருக்கு."

வெந்த புழு யாரையும் ஒன்றும் செய்யாது என்று முப்பது வருடம் பாடம் நடத்தியவர் பேராசிரியர். இருந்தும் கையை நீட்டி ஒன்றை வாங்கிக்கொண்டார்.

கண்ணுசாமி மற்றதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, கேடயத்தை ஒருமுறை துடைத்து வைத்தார்.