கம்ப்யூட்டருக்கு வேப்பிலை கட்டிய விவரம்

செங்கல்பட்டு
26-4-1999

அன்புள்ள மச்சான் கார்த்திக்கு,

உன் மாமா அப்பாசாமி எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா கன்னியம்மா சௌக்கியம். எங்கள் பெண் ஜோதிலட்சுமி சௌக்கியம். பெங்களூரிலிருந்து நீ லாரியில் ஏற்றி அனுப்பிய கம்ப்யூட்டரும் சௌக்கியம். என் மானம் ஒன்றுதான் கொஞ்சம் சௌக்கியமில்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே நீயும் உன் மனைவி விஷாகாவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் இருபத்தைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், ஐம்பது வயசான நான், ஸ்ரீ செங்கமலம் பஸ் சர்வீஸில் இருபத்தாறு வருஷமாக டைம் கீப்பராக இருக்கிற நான், மேல்சட்டை இல்லாமல், ஈர வேட்டியோடு, உன் கம்ப்யூட்டருக்குக் கூழ் படைத்துக் கற்பூரம் காட்டினேன். ஜன்னலை மூட மறந்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஞானம்பாள் டீச்சர் துணி காயப்போட வந்தவர் கையில் புடவையோடு அப்படியே நின்று பார்த்தார். கடைசியில் அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார் என்பது வேறு விஷயம். யார் மூலமாவது உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

இதற்கெல்லாம் மூல காரணம் நீதான். முந்தின நாள் சனிக்கிழமை டீச்சர் வீட்டு நம்பருக்கு போன் பண்ணினாய் அல்லவா. "மாமா, திங்கக்கெழமை இருபத்தாறாம் தேதி ஒரு வைரஸ் வேலைய காட்டும்னு எங்க ஆபீஸ்ல சொல்றாங்க. உள்ள இருந்துச்சுன்னா அன்னிக்கு டிஸ்க்கையே தொடச்சிட்டுப் போயிடும். ஒண்ணு ஆன்டி வைரஸ் போடுங்க, இல்லன்னா கம்ப்யூட்டர்ல தேதிய ரெண்டு நாள் முன்னால தள்ளி வெச்சிடுங்க, இருபத்தாறே வராது" என்று சொன்னாய். அதோடு போனை வைத்திருக்கலாம். "ஜோதி ப்ராஜெக்ட் அதுலதான கீது?" என்று கேட்டாய் பார், அங்கேதான் வினை பிடித்தது.

அதிலேதான் இருக்கிறது. உனக்கே தெரியும், ஆறு மாசமாக அந்தப் பெண் உட்கார்ந்து எங்கள் கம்பெனி பஸ் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள், எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த டிரைவர், எந்த ரூட் என்று. முப்பதாம் தேதிக்குள் காலேஜில் கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம்தான். கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனி, டிகிரி கையில் வந்தால் ஜூன் மாசமே வா என்று சொல்லியிருக்கிறது. உன் பக்கத்திலும் சரி, என் பக்கத்திலும் சரி, நம் ரெண்டு பேரை விட்டால், ஏர் பிடிக்காத, ஸ்டியரிங் பிடிக்காத கை அவளுடையது ஒன்றுதான். இன்னொரு காப்பி இல்லையா என்று கேட்பாய். ஒரு ஃபிளாப்பியில் இருந்தது. சதுரமாய், கைக்கு அடக்கமாய் இருக்கிறதே என்று உன் அக்கா அதை ரெண்டு மாசமாய் என் டீ டம்ளருக்கு மூடியாக வைத்திருந்தாள். ஆவி பட்டுப் பட்டு அது அப்பளம் மாதிரி நெளிந்துபோயிருந்தது.

சரி, அன்றைக்கு ஒருநாள் ஸ்விட்சே போடாமல் இருந்தால் போச்சு என்றேன். ஜோதி முறைத்தாள். "ஒரு நாள் போனாலும் முடியாதுப்பா. இன்னும் மாமல்லபுரம் ரூட்டே ஏத்தல."

வைரஸ் என்றால் என்ன என்று உன் அக்கா என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத காரணத்தால், டீச்சரைக் கேள் என்றேன். ஞானம்பாள் டீச்சர் முப்பது வருஷம் சயின்ஸ் எடுத்தவர். சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, "வைரஸ்னா கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு கன்னியம்மா. அம்மை இருக்கே, அது அதனாலதான் வரது" என்று பாடம் நடத்திவிட்டார். அவ்வளவுதான். உங்க அக்கா முகம் மாறிப்போச்சு. முந்தானையை இழுத்துச் சொருகிக்கினு, "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ஆத்தா வந்து கீறா, நீ இன்னான்னா டிஸ்க்கு, தேதின்னு பேசிக்கினு கீற" என்று கேட்டுட்டு நேரா வேப்ப மரத்துக்குப் போனா.

அரை மணி நேரத்துல வாசல் நிலையில வேப்பிலை. மானிட்டர் கழுத்துல வேப்பிலை. கீபோர்டுக்கு மஞ்சள் துணி. வூட்டுல தாளிக்கக் கூடாது, எண்ணெய் சட்டி வைக்கக் கூடாது, வெளியாள் உள்ள வரக் கூடாது, வூட்டுலேர்ந்து எதையும் வெளிய கொடுக்கக் கூடாது, வெளியிலேர்ந்து எதையும் உள்ள வாங்கக் கூடாது. எனக்குத் தாளிக்காத ரசம். ஞாயித்துக்கெழம கறி நாத்தம் கூட கிடையாது. "மிஷினுக்குத்தானடி அம்ம, நான் இன்னா பண்ணேன்" என்று கேட்டேன். "வூட்டுக்கு வந்தா எல்லாருக்கும்தான்" என்றாள். ஜோதி சிரிப்பாள் என்று பார்த்தால், அவள் யோசித்து, "அம்மா சொல்றதுல பாதி கரெக்டுப்பா. வெளியாள் ஃபிளாப்பிய உள்ள விடாம இருந்தாலே போதும்" என்றாள். தாயும் மகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான், அதுவும் என் ரசம் விஷயத்தில்.

இந்த நேரம் பார்த்து ஞானம்பாள் டீச்சர் மகள் ஹம்சினி வந்தது. ஜோதிக்கு ஒரு வருஷம் சீனியர், இப்போது கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. போனில் பேசினதைக் கேட்டுவிட்டு, பாவம், சென்டருக்கே போய் ஆன்டி வைரஸை ஒரு ஃபிளாப்பியில் ஏற்றி எடுத்து வந்திருக்கிறது. உன் அக்கா வாசலிலேயே மறித்துவிட்டாள். "கால் கழுவு கண்ணு." கழுவியது. "கைல இன்னா?" "மருந்து ஆன்ட்டி, கம்ப்யூட்டருக்கு." மருந்து என்றதும் உங்க அக்காவுக்குப் பாசம் பொங்கிடிச்சு. "குடு, சுத்தம் பண்ணித் தரேன்" என்று வாங்கினா. மஞ்சள் தண்ணி சொம்பு பக்கத்துலயே இருந்தது. தெளிச்சிருந்தாக்கூட பரவாயில்ல மச்சான். முக்கி எடுத்தா. முக்கி, அலசி, முந்தானையால துடைச்சு, அந்த இரும்புத் தகட்டை நவுத்தி உள்ளேயும் ஒரு விரலை விட்டுத் துடைச்சு, "இந்தா, இப்ப போடு" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். ஹம்சினி ஃபிளாப்பியைப் பார்த்தது, உன் அக்காவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "மாமா, சென்டர் நாளைக்கு லீவு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

ஆக மருந்து போச்சு. அப்புறம்தான் அந்தக் கூழ். உங்க அக்கா சொன்னதால் மட்டும் செய்தேன் என்று சொன்னால் பொய். ஜோதி அந்தப் பக்கம் போய் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அதற்கப்புறம் கூழ் என்ன, யாராவது தீ மிதிக்கச் சொல்லியிருந்தாலும் வேட்டியை மடித்துக் கட்டியிருப்பேன். கூழ் வைத்தேன், பக்கத்தில் சீவின இளநீர் வைத்தேன், கற்பூரம் காட்டினேன், விழுந்து கும்பிட்டேன். எழுந்திருக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. மேஜையைப் பிடித்தேன். இளநீர் சாய்ந்து, மஞ்சள் துணி வழியாக, கீபோர்டு முழுக்க. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், உங்க அக்கா, "வுடு, ஆத்தா குளுந்துட்டா" என்கிறாள்.

கீபோர்டைக் கவிழ்த்து வடித்து மாடியில் காயவைத்தோம். சித்திரை வெயில், வடகம் பிழிந்து போட்டிருந்த அதே வேட்டியில் ஒரு ஓரமாய். ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிட்டது. ஆனால் மேல் வரிசையில் ஒரு பட்டனைக் காக்காய் கொத்திக்கொண்டு போய்விட்டது, வடகம் என்று நினைத்திருக்கும். நான் பதறிப்போனேன். "அது எஃப் பன்னெண்டுப்பா, வாங்கின நாளா அத நான் தொட்டதே இல்ல" என்றாள் ஜோதி. அந்த ஓட்டைக்கு என் காக்கிச் சட்டைப் பொத்தானைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

கடைசியாக மிஞ்சினது நீ சொன்ன தேதி வைத்தியம். இதில் மட்டும் யாரும் என்னிடம் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் வீட்டில் டைம் கீப்பர் நான். நீ முன்னால் தள்ளச் சொன்னாய். நான் யோசித்தேன். முன்னால் தள்ளினால், இருபத்தொன்பதாம் தேதி பிரிண்ட் எடுக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் மே ஒண்ணு என்று விழும். கடைசித் தேதி முப்பது. காகிதமே எழுந்து நின்று நான் லேட்டு என்று சொல்லும். மச்சான், இருபத்தாறு வருஷத்தில் என் கையெழுத்துப் போட்ட காகிதம் எதுவும் லேட்டு என்று சொன்னதில்லை. பத்து நிமிஷம் லேட்டாக வருகிற வண்டியைப் பத்து நிமிஷம் பின்னால் இழுத்து டயத்துக்கு வந்ததாக எழுதிப் பழகின கை இது. அதே கையால் பத்து நாள் பின்னால் இழுத்தேன். ஞாயிறு சாயங்காலம் எங்கள் கம்ப்யூட்டருக்குத் தேதி ஏப்ரல் பதினைந்து. உன் யோசனையை விட என் யோசனை எப்படி என்று கேட்கலாம் என்று நினைத்தேன், பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழரை ஒன்பது ராகு காலம் என்பதால், ஒன்பது அஞ்சுக்கு ஸ்விட்ச் போடுவது என்று உன் அக்கா குறித்திருந்தாள். எப்படித்தான் தெரிந்ததோ, எங்கள் மாமல்லபுரம் வண்டி டிரைவர் திருவேங்கடம் ஈரக் கோணிப்பையோடு வந்து நின்றான். "இன்னா திருவேங்கடம், ஒம்போதுக்கு நீ வண்டிய எடுத்திருக்கணுமே" என்றேன். "வண்டி தெருமுனைலதான் கீது அண்ணாத்த. நாப்பது பேரு குந்திகினு கீறாங்க. வெடிக்கறத பாத்துட்டுப் போயிடறேன்." "வெடிக்காதுடா, அழிஞ்சிடும்." "அப்ப கோணி தேவயில்லயா?" "நில்லு, இருக்கட்டும்" என்றேன், எனக்கே நம்பிக்கையில்லாமல்.

ஜோதி ஸ்விட்சைப் போட்டாள். உள்ளே ஏதோ சுற்றியது. கொஞ்ச நேரம் கருப்பாகவே இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் காக்கிப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு சின்ன சத்தம், திரை வெளுத்தது, அவளுடைய பஸ் எல்லாம் வரிசையாக நின்றது. ஒரு வண்டி குறையவில்லை. "இவ்ளோதானா" என்று திருவேங்கடம் கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். ஒன்பது மணி மாமல்லபுரம் வண்டி அன்றைக்கு ஒன்பது இருபத்தெட்டுக்குப் போனது. ரிஜிஸ்தரில் ஒன்பது என்று எழுதியிருக்கிறேன்.

இருபத்தொன்பதாம் தேதி பிரிண்ட் எடுத்தாள். முப்பதாம் தேதி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளுடைய பார்த்தசாரதி சார் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாராம். பின்னே, ஒவ்வொரு பக்கத்திலும் ஏப்ரல் பத்தொன்பது. "மத்தவாள்லாம் இன்னும் சுடச்சுட பிரிண்டோட ஓடி வரா. நீ பதினோரு நாள் முன்னாடியே முடிச்சு வெச்சிருக்கியே, எப்படிம்மா?" என்று கேட்டாராம். இவள் என்ன சொல்வது என்று தெரியாமல், "எங்கப்பா டைம் கீப்பர் சார்" என்றாளாம். கேட்ட கேள்விக்கெல்லாம் டக்கு டக்கென்று பதில் சொல்லியிருக்கிறாள். மார்க் இன்னும் வரவில்லை, ஆனால் வெளியே வரும்போது அவர் "ஜூன்ல எங்க சேரப் போற?" என்று கேட்டிருக்கிறார். அதைவிட வேறென்ன வேண்டும் சொல். கேளம்பாக்கத்துக்கு எந்த வண்டியில் ஏறி எங்கே மாறுவது என்று இப்போதே எழுதி வைத்துவிட்டேன். அவள் அதைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள்.

இன்றைக்கு மே ஆறு, வியாழக்கிழமை. எனக்கு ஓய்வு நாள். நான் சொல்லச் சொல்ல ஜோதி தட்டிக்கொண்டிருக்கிறாள், உன்னைப் பற்றிச் சொன்ன ரெண்டு வரியை மட்டும் தட்டமாட்டேன் என்கிறாள். வைரஸ் விஷயமாக உனக்கு அங்கே ஏதாவது சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேள். தெருவில் ஏற்கெனவே ரெண்டு பேர் கேட்டுவிட்டார்கள். காலம் அறிந்து தேதியை இழுக்கத் தெரிந்தவனை எந்தக் கிருமியும் ஒன்றும் செய்யாது என்பது என் அனுபவம். உனக்கும் விஷாகாவுக்கும் எங்கள் ஆசி. கண்டவர்கள் ஃபிளாப்பியைக் கையால் வாங்காதே, வாங்கினாலும் அக்காவுக்கு அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா,
செ. அப்பாசாமி

பி.கு: இதைப் பேனாவால் எழுதுகிறேன். பிரிண்டர் அரிசி மில் மாதிரி கத்தி முடித்து, கவரில் மடித்து வைக்கப்போகும்போதுதான் கடிதத்தின் தலையில் இருக்கிற தேதியைப் பார்த்தேன். அது நான் சொன்னதும் இல்லை, ஜோதி தட்டினதும் இல்லை, கம்ப்யூட்டரே போட்டுக்கொண்டது. பின்னால் இழுத்த தேதியைத் திரும்ப முன்னால் வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. அதன் கணக்கில் இன்றைக்குத்தான் ஏப்ரல் இருபத்தாறு. காலை ஏழு மணியிலேர்ந்து ஓடிக்கினு கீது. இந்தக் கடுதாசியை அடிச்சது ஒன்றரையிலேர்ந்து மூணு, வியாழக்கெழம ராகு காலம். ஒண்ணும் ஆவல. உள்ளே வைரஸே இருந்ததில்லை என்கிறாள் ஜோதி. உன் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போதுதான் மானிட்டருக்குப் புது வேப்பிலை மாற்றிக் கட்டிவிட்டுப் போகிறாள்.