குத்தாமல் விட்ட ஆறாவது உருளைக்கிழங்கு

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் மகளும் மாப்பிள்ளையும் சௌக்கியம். என் நெற்றியில் மட்டும் ஒரு சிறு கொப்புளம், அதன் காரணம் கீழே வருகிறது. தங்கள் முழங்கால் வலி, தூக்கம், கோபம் ஆகிய மூன்றும் எந்த அளவில் உள்ளன என்று அறிய ஆவல். அக்கா, இந்தத் 'தங்கள்' எல்லாம் எழுதினால் அரசாங்க ஓலை மாதிரி இருக்கிறது. பிறந்ததிலிருந்து உன்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், அப்படியே எழுதிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ நம் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். வேண்டாம் என்று தலையாட்டாதே, முழுதும் படி. மகளுக்குக் கல்யாணமான புதிதில், நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உன் கடைவாய்ப் பல்லில் ஓட்டை இருப்பதை மாப்பிள்ளை சொல்லப்போய், எல்லாரும் சிரிக்கப்போய், நீ கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, "இந்த வீட்டு வாசலை இனிமே மிதிச்சா என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டுப் போனாய். இரண்டு வருஷம் ஆகிறது. அவர் பல் டாக்டர், அக்கா. யார் வாயைத் திறந்தாலும் அவர் கண் உள்ளே போய்விடுகிறது, எனக்கு எந்த ஊருக்குப் போனாலும் கண் புகைபோக்கி மேல் போகிற மாதிரி. அவரை நீ மன்னிக்க வேண்டும். மன்னிக்கத் தகுந்த மனிதர் என்பதற்குச் சாட்சியாகத்தான் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

காலையில் மாப்பிள்ளை கடைக்குப் போய், உள்ளங்கை நிறைகிற மாதிரி ஆறு உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டு வந்தார். எல்லாம் ஒரே அளவு. "என்ன மாப்பிள்ளை இது?" என்றேன். "உள்ள பூரணம் வச்சு ஓவன்ல சுடப்போறேன் மாமா. ரொம்ப ஈஸி, எது சமைச்சாலும் பக்கத்துல வச்சுக்கலாம்" என்றார். எனக்கு ஓவன் என்றாலே கை பரபரக்கும் என்பது உனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருஷம் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்தவன். நாற்காலியை இழுத்துப் போட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கிழங்கைப் பிரஷ் வைத்துத் தேய்த்தார் பார், மேல் வரிசை, கீழ் வரிசை, இடுக்கு என்று ஒரு மண் துகள் மிச்சமில்லை. துணியால் ஈரம் ஒற்றினார். பிறகு ஒரு முள்கரண்டியை எடுத்து ஒவ்வொரு கிழங்கையும் சுற்றிச் சுற்றிக் குத்தினார். "எதுக்கு?" என்றேன். "உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகும்ல மாமா, அது வெளிய போக வழி வேணாமா? இல்லன்னா வெடிச்சிரும்" என்றார். அக்கா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதே விஷயத்தைப் பெரிய பெரிய ஆலை முதலாளிகளுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை தண்ணி வற்றியிருக்கிறது. இந்த மனுஷன் ஒரு கிழங்குக்கு சேஃப்டி வால்வு வைக்கிறார்!

ஐந்து கிழங்கு குத்தி முடித்தபோது போன் வந்தது, யாரோ ஒருவருக்குத் தாடை வீங்கிவிட்டதாம், மாப்பிள்ளை கூடத்துக்குப் போய்ப் பேசினார், நான் சும்மா இருந்தேனா, இல்லை. என் பழைய சட்டைப் பையில் சாக்பீஸ் இருந்தது. சோதித்த பாய்லரில் வட்டம் போட்டு உள்ளே ஒரு டிக் போடுவது என் வழக்கம். அந்தப் பெருமையில், அந்தப் பூரிப்பில், ஆறிலும் வட்டம் போட்டு டிக் போட்டுவிட்டேன். மாப்பிள்ளை திரும்பி வந்து பார்த்தார். "எல்லாம் பார்த்தாச்சா மாமா?" "பார்த்தாச்சு மாப்பிள்ளை." "நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும். ஆனா தோலையும் சேர்த்துச் சாப்பிடணும் மாமா" என்று சொல்லி, ஒரு சின்ன முகச்சுளிப்பு கூட இல்லாமல் சாக்பீஸ் கோட்டையெல்லாம் கழுவித் துடைத்து, எண்ணெயும் கல்லுப்பும் தடவி, இருநூறு டிகிரியில் உள்ளே வைத்தார்.

ஒரு மணி நேரம் என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முக்கால் மணியில், லேசாக எட்டிப் பார்க்கலாமே என்று ஓவன் கதவைத் திறந்து முகத்தைக் கொண்டுபோனேன். டமார்! ஆறாவது கிழங்கு ஓவன் சுவரிலும், எதிர்ச் சுவரிலும், கடிகாரத்திலும், என் நெற்றியிலும் சரிசமமாகப் பங்கு போட்டுக்கொண்டது. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மகள் ஓடிவந்து, "யாரு பார்த்த வேலை இது?" என்று கத்தினாள். முப்பத்து நான்கு வருஷத்தில் பார்க்காமல் ஒரு டிக் போட்டதில்லை, போட்ட முதல் டிக் வெடித்துவிட்டது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். "நான்தான். ஒண்ணைக் குத்த மறந்துட்டேன்" என்றார். அவ்வளவுதான். அவள் அரை மணி நேரம் அவரை வறுத்தெடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே ஏணி வைத்துக் கடிகாரத்தைத் துடைத்தார். நான் நெற்றியில் களிம்பு தடவிக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது அக்கா.

மிச்சம் ஐந்தையும் எடுத்து, மேலே நீளவாக்கில் மூடி மாதிரி சீவி, சின்னக் கரண்டியால் உள்ளே சுரண்டினார். பாதிச் சுரண்டலில், "கொஞ்சம்தான், முடிஞ்சிருச்சு, வலிக்காது" என்று கிழங்கிடமே சொன்னார், பழக்க தோஷம். நான் கனம் அளக்கிற வெர்னியரை எடுத்து வந்து கிழங்கின் சுவர் கனம் பார்த்தேன். சுற்றிலும் ஆறு மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. சுரண்டினதை வெண்ணெய், கொஞ்சம் பால், துருவின சீஸ், மிளகுத்தூள், பொடியாக நறுக்கின வெங்காயத்தாள் எல்லாம் போட்டு மசித்து, திரும்பவும் உள்ளே கோபுரமாக அடைத்து, மேலே இன்னும் கொஞ்சம் சீஸ் தூவி, இன்னொரு கால் மணி நேரம் உள்ளே வைத்தார். மேலே பொன்னிறம், உள்ளே பஞ்சு. நான் இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவதை மகள் பிடுங்கிக்கொண்டாள்.

சாப்பிடும்போது கேட்டேன், "எத்தனையோ சமையல் இருக்க, இதை ஏன் மாப்பிள்ளை பிடிச்சீங்க?" அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, உன்னைத்தான் பெரியம்மா என்று சொன்னார்: "பெரியம்மாவுக்கு அந்தப் பக்கம் கடிக்க முடியாது மாமா. எப்பவாவது வந்தா, மெத்துன்னு ஏதாவது செஞ்சு குடுக்கணும்ல? அதான் பழகிக்கிறேன்."

ஆகவே, அவர் செய்த குற்றத்தை மறந்து, ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து சேரவும். வாசல் வரைக்கும் நான் வந்து கூட்டிப் போகிறேன். நீ நூறு வயசு நடமாட்டத்தோடு இருக்க வேண்டும், கோபம் மட்டும் அதற்கு முன்னால் போய்விட வேண்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி.

பின்குறிப்பு: மேலே எழுதியதை மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன். "வயசுல பெரியவங்கள நாம வரச் சொல்றதா மாமா? நாமதான் போகணும்" என்றார். அதனால் ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். அவரை மன்னிக்கவும் வேண்டாம். அன்றைக்கு அவர் உன் காதோடு காதாகத்தான் சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. "என்னது, அக்கா பல்லுல ஓட்டையா?" என்று மேசை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினதும், முதலில் சிரித்ததும் நான். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு வருஷமாக அவர் வாயைத் திறக்கவில்லை. உறையில் தபால்தலை இல்லை, பார்த்திருப்பாய். கதவுக்கு அடியில் தள்ளினவன் நான்தான். மாப்பிள்ளை பக்கத்தில் சூடான தட்டோடு நிற்கிறார். கதவைத் திற அக்கா, உன்னிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.