ஆம்பூரில் ஓர் அமெரிக்கக் குடும்பம்

ஆம்பூரில் பிறந்து, ஷூ கம்பெனிச் சம்பளத்தில் சோறு தின்று வளர்ந்தவன் நான். இருபத்து மூன்று வயது வரை எனக்கு ஒரு ஷூவை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாது என்பதை இப்போதாவது ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்பா ஒரு ஏற்றுமதி ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர்; குறையுள்ள பீஸை ரிஜெக்ட் பண்ணுவதுதான் வேலை. பி.ஏ. முடித்த என்னையும் அங்கேயே ஆபீஸில் சேர்த்துவிட்டார். எனக்கோ பெங்களூரில் நாடகப் பள்ளியில் சேரும் வெறி. அங்கே இடம் கிடைத்துவிட்டது, அப்பாவின் சம்மதம்தான் கிடைக்கவில்லை. கம்பெனி ஆண்டு விழாவில் நாடகம் போடும் பொறுப்பு என்னிடம் வந்தபோது அவர் ஒரே பேச்சில் முடித்தார். நாடகம் நன்றாக இருந்தால் பெங்களூர். இல்லாவிட்டால் ஆபீஸ் நாற்காலி, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

கல்லூரியில் படித்த பழைய அமெரிக்க நாடகம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். தன் தொழிலையே மகனும் செய்ய வேண்டுமென்று கனவு காணும் அப்பா, வீட்டை விட்டுப் போகத் துடிக்கும் மகன், நடுவில் அழும் அம்மா. (ஏன் இதையே எடுத்தேன் என்று ஆம்பூரில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.) மகன் நான். அப்பா வேடத்துக்கு ஆபீஸ் தோஸ்த் சலீம், பேரணாம்பட்டுக்காரன், கனத்த உடம்பு.

ஒத்திகையெல்லாம் வெறுங்காலில்தான் நடந்தது. அமெரிக்கக்காரன் ஷூ போடாமல் இருப்பானா என்று விழா அன்று காலையில்தான் தோன்றியது. சாம்பிள் ரூமில் கேட்டு, அலமாரியிலிருந்து நான்கு கறுப்பு ஷூக்களைப் பையில் போட்டு வந்தேன். இரண்டிரண்டு ஒரே மாடல். அப்படியென்றால் இரண்டு ஜோடி என்று என் மூளை முடிவுகட்டியது.

ஷூ வாங்க வரும் வெளிநாட்டு பையருக்குக் காட்டும் சாம்பிளை எங்கள் கம்பெனியில் ஒற்றைக் காலாகத்தான் தைப்பார்கள், அதுவும் வலது கால் மட்டும். இரண்டு பையர் என்றால் அதே மாடலில் இரண்டு வலது கால். இது கம்பெனி வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

திரை விலகும் நேரத்தில் சலீம், “இன்னாபா, ரெண்டும் ஒரே பக்கமா வளையுது” என்றான். கோட்டும் வெறுங்காலும் பொருந்தாது, மாட்டிக்கொள் என்று அதட்டினேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் நாளெல்லாம் ஷூவையே பார்ப்பவர்கள். ஒருவரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. உச்சக் காட்சியில், உங்கள் கனவை நான் சுமக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஆவேசமாகத் திரும்பினேன். இடது கால் மட்டும் வேறு திசையில் போனது. தடுக்க ஓடிவந்த சலீம் என் மேல் விழுந்தான், நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேஜை மேல் விழுந்தோம். தையல் லைன் அக்கா ஒருவர் நிதானமாகக் கேட்டார்:

“ஏம்பா, அமெரிக்காவுல எல்லாருக்கும் ரெண்டும் வலது காலா?”

மண்டபமே சிரித்தது. என் அம்மாவும் சிரித்தார். பெங்களூர் போச்சு என்று முடிவுகட்டிவிட்டேன்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, என் ஷூக்களைக் கழற்றச் சொல்லி, இரண்டையும் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாடகம் எப்படி என்று கேட்டேன். கேவலம் என்றார்.

“நாளைலேர்ந்து ஒழுங்கா ஆபீஸ் வர்றேன்ப்பா.”

“வேணாம். ரெண்டு மாசமா ஷூ கம்பெனியில இருக்க, எது எந்தக் கால்னு தெர்ல. உன்ன வச்சிக்கிட்டா கம்பெனிக்குத்தான் பேஜார். நீ பெங்களூரே போய்டு.”

“நாடகம் நல்லா இருந்தாத்தான்னு சொன்னீங்களே?”

“அது வேற. இது கம்பெனி விஷயம்.”

போய்விட்டேன். இன்று பெங்களூரில் பள்ளிக்கூடங்களில் நாடகம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். உறவுக்காரர்கள் யார் கேட்டாலும், ஏன், பெண் பார்க்கப் போன வீட்டிலும்கூட, அப்பா என்னை ஒரே மாதிரிதான் அறிமுகப்படுத்துகிறார்: “என் சர்வீஸ்ல நான் ரிஜெக்ட் பண்ணி, நல்லா ஓடிக்கிட்டிருக்கிற ஒரே பீஸ் இவன்தான்.”